தூசா, முதுமையா?

எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. சுபஹுத் தொழுகை முடிந்து கரைப்பக்கம் நடக்கிறவர்கள் அதனைச் செக்கச்செவேலென்று காண்பார்கள். அதே சிவப்பைப் பேருவளையில் இருப்பவர்கள் மாலையில், சூரியன் கடலில் இறங்கும்போது காண்கிறார்கள். இரண்டையும் படம்பிடித்து, சூரியனையும் கடலையும் தவிர மற்ற அனைத்தையும் வெட்டி நீக்கிவிட்டு, இது காலையா மாலையா என்று கேட்டால் எவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நிறம் ஒன்றுதான். அது தரும் செய்திகளோ ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

பத்தாம் தரத்தில் ஒளி பற்றிய பாடத்தின்போது இந்த உதாரணத்தைச் சொன்னேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப நிறத்தப் பார்த்து ஒண்டும் சொல்ல ஏலாதா சேர்?" வகுப்பில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். மணியும் அடித்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி அவள் நினைத்ததைவிடப் பெரியது. ஒரே அடையாளம் இரண்டு எதிரெதிர்க் காரணங்களால் வரக்கூடுமாயின், அடையாளத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன உரிமை? வானியலாளர்கள் சுமார் நாற்பது ஆண்டுகளாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அவர்களது கதையைச் சொல்லாமல் அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கலக்சி என்று பாடநூல் அழைக்கும் உடுக்களின் பெருந்திரள்களிலும் சிவப்பு உண்டு. உடுக்களில் பாரம் மிகுந்தவை நீலநிறமாய்ப் பிரகாசித்துச் சில கோடி ஆண்டுகளுக்குள் எரிந்து முடிந்துவிடுகின்றன. பாரம் குறைந்த செந்நிற உடுக்களோ பிரபஞ்சத்தின் இன்றைய வயதையும் தாண்டி எரியக்கூடியவை. ஆகவே ஒரு கலக்சியில் புதிய உடுக்கள் பிறப்பது நின்றுபோனால், முதலில் நீலம் மறையும், எஞ்சுவது சிவப்பு. நீள்வட்டக் கலக்சிகள் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இத்தகையன. நம்மிலிருந்து ஏறக்குறைய 5.4 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்87 அதற்குப் பேர்போன உதாரணம். 2019இல் அதன் நடுவிலுள்ள கருந்துளையின் படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது நினைவிருக்கும். சுருள்கரங்கள் இல்லாத உருண்டைத் திரள். புதுப்பிறப்புக்கு வேண்டிய குளிர்ந்த வாயு அங்கே மிகச் சொற்பம்.

இது முதுமையின் சிவப்பு. இன்னொரு சிவப்பு இருக்கிறது. உடுக்கள் பிறப்பது வாயுவும் தூசும் நிறைந்த முகில்களுக்குள். ஒரு கலக்சியில் பிறப்பு வெகு மும்முரமாக நடக்குமாயின் அங்கே தூசும் மிகுந்திருக்கும். தூசு நீல ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் ஓரளவு வெளியே விடும். எங்கள் கடற்கரைச் சூரியனுக்குக் காற்று செய்யும் வேலைக்கு இது நிகரானது. ஆக, உள்ளே பிரசவ அறை. வெளியே முதியோர் இல்லத்தின் நிறம். இந்த இரண்டுக்கும் மேலாகத் தொலைவு வேறு ஒரு சிவப்பைப் பூசுகிறது. பிரபஞ்சம் விரிவடைவதால் நெடுந்தூரம் வரும் ஒளியின் அலைநீளம் நீண்டு சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

(தனி உடுக்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. திருவாதிரையைப் பாருங்கள். ஐரோப்பியர் அதற்கு வழங்கும் பெயரே 'யத் அல்-ஜவ்ஸா' என்ற அரபுப் பெயரின் திரிபுதான். சிவந்து கிடக்கும் அந்த உடுவின் வயது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளே. நமது சூரியனுக்கோ 460 கோடி. பச்சிளம் வயதிலேயே அது தன் வாழ்வின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனை இளையது என்பதா, முதியது என்பதா?)

1988இல் அரிசோனாவில் றிச்சர்ட் எல்ஸ்ரன், ஜோர்ஜ் றீக்கி, மார்சியா றீக்கி ஆகிய மூவரும் செங்கீழ்க் கதிர்களை உணரும் புதிய கருவியால் வானத்தின் ஒரு சிறு துண்டைப் படம்பிடித்தார்கள். சாதாரண ஒளியில் தென்படாத அளவுக்கு மங்கி, செங்கீழில் மட்டும் பளிச்சிட்ட சில புள்ளிகள் அங்கே கிடந்தன. வழமைக்கு மாறான சிவப்பு. இவை மிகத் தொலைவில் அப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும் கலக்சிகளாக இருக்கலாம் என்பதும் அவர்கள் முன்வைத்த ஒரு சாத்தியம். அடுத்த ஆண்டே நிறமாலை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் சில அவ்வளவு தொலைவில் இல்லாத, முதிர்ந்த நீள்வட்டக் கலக்சிகள் என்று தெரியவந்தது. தொட்டில் என்று ஐயுற்ற இடத்தில் கிழவர் இருந்தார்.

சில ஆண்டுகளில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 1994இல் எஸ்தர் ஹூ, சூசன் றிட்ஜ்வே என்ற இரு பெண் ஆய்வாளர்கள் மிகச் சிவந்த இரு கலக்சிகளை அறிவித்தார்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் எச்ஆர்10. நிறத்தை வைத்துப் பார்த்தால் அது வெகு தொலைவிலுள்ள, உடுப்பிறப்பு ஓய்ந்துபோன நீள்வட்டக் கலக்சிக்குப் பொருந்தியது. நியாயமான ஊகம்தான். 1996இல் ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலையிலுள்ள கெக் தொலைநோக்கி அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தது. எண்ணியதைவிட அது கிட்டத்தில் இருந்தது. அதிலே சூடேறிய ஐதரசன் வாயு ஒளிர்ந்தது. ஓய்ந்துபோன கலக்சியில் அப்படி ஒளிர நியாயமில்லை. 1998இல் அதே மலையின் வேறொரு தொலைநோக்கி, ஒரு மில்லிமீற்றரிலும் சற்றுக் குறைந்த அலைநீளத்தில், அதே கலக்சியிலிருந்து வெப்பம் வருவதைப் பதிவுசெய்தது. சூடேறிய தூசின் வெப்பம். கணக்கிட்டபோது அங்கே ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களுக்கு ஈடான உடுக்கள் பிறந்துகொண்டிருந்தன. நமது பால்வீதியில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ சூரியன்களின் அளவுதான் பிறக்கிறது. பிரபஞ்சத்தில் மிக மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்த இடங்களில் ஒன்றைத்தான் ஓய்ந்துபோனது என்று எண்ணியிருந்தார்கள்.

இதிலே எனக்குப் பிடித்த இடம் அந்த வெப்பம். தூசு ஒளியை மறைக்கலாம், அழிக்க முடியாது. விழுங்கிய சக்தியை வேறோர் அலைநீளத்தில் அது திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும். சக்திக் காப்பு விதி என்று நாங்கள் ஒன்பதாம் தரத்திலேயே கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். அந்த அலைநீளத்தில் பார்க்கிற கண் நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

என்னிடம் இருக்கவில்லை. ஆசிரிய கலாசாலையிலிருந்து வெளியேறி இரண்டாம் வருடம், தரம் ஒன்பதுக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். ஒரு மாணவன் எதையுமே எழுதமாட்டான். கொப்பியில் திகதி இருக்கும், தலைப்பு இருக்கும், கீழே வெறுமை. கேட்டால் தலைகுனிவான். அடித்ததில்லை, ஆனால் அதைவிட இலகுவான ஒன்றைச் செய்தேன். தேர்ச்சி அறிக்கையில் வகுப்பாசிரியர் குறிப்பு என்ற கட்டத்தில், 'கற்றலில் நாட்டம் இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. சேரே எழுதித் தந்துவிட்டார் என்று சொல்லி வாப்பா அவனை மேசன் வேலைக்கு ஒருவரிடம் சேர்த்துவிட்டாராம். இரண்டு வருடம் கழித்து அவனுடைய உம்மா குவைத்திலிருந்து திரும்பி வந்தார். ஏதோ கையொப்பம் வேண்டி என்னிடம் வந்தவர், பேச்சுவாக்கில் மகன் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொன்னார். மறுநாள் ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து காட்டினார். நான்கு பக்கம், ஆறு பக்கம் என்று கிழமைக்கொரு கடிதம். தம்பி தங்கைகள் என்ன சாப்பிட்டார்கள், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, யார் வீட்டில் கத்தம் ஓதினார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தான். அந்த ஒழுங்கையில் வெளிநாட்டில் ஆள் உள்ள பல வீடுகளுக்கும் அவன்தான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறான். இரவில் எழுதி, பகலில் என் வகுப்பில் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மௌனமாக இருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் தூசு மூடிய கலக்சியாகவே கொள்ளவேண்டும் என்பது அந்த முடிவு. அது நல்ல முடிவு என்றே வாசகர் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அது எவ்வாறு பிழைத்தது என்பதைச் சொல்லுமுன் வானத்துக்கு ஒருமுறை திரும்பவேண்டியிருக்கிறது.

எச்ஆர்10 போன்றவை வெளிவந்தபின், சிவந்தவை எல்லாமே தூசுதான் என்று சொல்லிவிடும் சபலம் இருந்தது. அதற்கு ஒரு கொள்கைக் காரணமும் இருந்தது. நீள்வட்டக் கலக்சிகள் எவ்வாறு உருவாயின என்பது பற்றி இரண்டு கருத்துகள் நிலவின. ஆதியில் ஒரு பெரும் வாயுத்திரள் ஒரே வீச்சில் சுருங்கி, உடுக்களையெல்லாம் ஒன்றாகப் பெற்றுவிட்டு ஓய்ந்தது என்பது ஒன்று. சிறிய கலக்சிகள் மோதி ஒன்றிணைந்து காலப்போக்கில் பெரியனவாயின என்பது மற்றது. எஸ்தோனியாவில் பிறந்த அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் மோதும் கலக்சிகளைக் கணினியில் கணித்து 1972இல் வெளியிட்டார்கள். சுருள் கலக்சிகள் மோதிக் கலந்தே நீள்வட்டக் கலக்சிகள் தோன்றியிருக்கலாம் என்று 1977இல் அலார் டூம்ரே எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு சைமன் வைற், மார்ட்டின் றீஸ் இருவரும், கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளின் கூடுகள் சிறிதிலிருந்து பெரிதாக வளர்கின்றன, கலக்சிகள் அவற்றுக்குள் உருவாகின்றன என்று அதற்குப் பலமான அத்திவாரம் இட்டார்கள். இந்த இரண்டாவது வழியின்படி, மிகப் பெரிய நீள்வட்டக் கலக்சிகள் பிந்தி வரவேண்டியவை. பிரபஞ்சத்தின் சிறுவயதில் பெரிய, முதிர்ந்த, சிவந்த கலக்சிகள் கூட்டமாக நிற்பது அதற்கு உவப்பான செய்தியல்ல. சிவப்பெல்லாம் தூசாக இருந்துவிட்டால் எவ்வளவு வசதி!

வசதியை வைத்து முடிவுகட்டாமல் ஒவ்வொன்றாகப் பார்க்கலானார்கள். நிறமாலையில் முதுமைக்கு அதற்கே உரிய வரிகள் உண்டு: கல்சியம் விழுங்கிய இருண்ட கோடுகள், ஒரு குறித்த அலைநீளத்துக்கு அப்பால் ஒளி சட்டென்று வீழும் படி. பிறப்புக்கு வேறு வரிகள்: வாயு ஒளிரும் பிரகாசமான கோடுகள். இத்தாலியரான அந்திரேயா சிமாட்டியும் குழுவினரும் சிலி நாட்டிலுள்ள பெரிய தொலைநோக்கியைக் கொண்டு இத்தகைய சிவந்த கலக்சிகளை வகைபிரித்து 2002இல் வெளியிட்டார்கள். நிறமாலையால் இனங்காண முடிந்தவற்றில் முதியவையும் தூசு மூடியவையும் ஏறக்குறையச் சமபங்கு. நாணயத்தைச் சுண்டிவிட்டாலும் அதே பலன்தான்! நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்ன எவரும், எவ்வளவு படித்தவராயினும், பாதித் தடவை பிழைத்திருப்பார்.

2004 யூலையில் 'நேச்சர்' சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று சிமாட்டி குழுவினருடையது, மற்றது கார்ல் கிளேஸ்புறூக் குழுவினருடையது. பிரபஞ்சத்தின் வயது இன்றைய 1380 கோடி ஆண்டுகளில் மூன்றிலொரு பங்கைக்கூட எட்டாத காலத்திலேயே, பாரிய முதிர்ந்த கலக்சிகள் நின்றிருந்தன என்று அவை காட்டின. அவை உண்மையிலேயே முதியவை. தூசு அல்ல.

கொள்கை உடைந்துபோகவில்லை, திருத்தப்பட்டது. உடுக்களின் வயது வேறு, அவை ஒரே கலக்சியாகக் கூடிய காலம் வேறு என்ற பாகுபாடு தெளிவாயிற்று. பழைய செங்கல்லால் நேற்றுக் கட்டிய வீடும் உண்டல்லவா? அத்தோடு ஆதிகாலச் சிவந்த கலக்சிகள் பல, அதே பாரமுள்ள இன்றைய நீள்வட்டக் கலக்சிகளைவிட மிகச் சிறியனவாக, இறுகிக் கிடந்தன. பிற்பாடு சிறியவற்றை விழுங்கிப் பருத்திருக்கவேண்டும். இப்படிப் பார்த்தால் இரு கருத்துகளிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. இன்னொன்றும் புலப்பட்டது. எச்ஆர்10 போன்ற தூசு மூடிய கலக்சிகள், வாயு தீர்ந்து தூசும் அகன்றபின், நீள்வட்டக் கலக்சிகளாக மாறியிருக்கக்கூடும். அதாவது, எதிரெதிரானவை என்று நாம் பிரித்து வைத்த இரண்டு சிவப்பும் ஒரே பிறவியின் இரண்டு வயதுகளாகவும் இருக்கலாம். அதிலிருந்து இன்று நம்மை வந்தடையும் ஒளி சுமார் 900 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அது அன்று என்னவாக இருந்தது என்று சரியாகவே தீர்ப்பளித்தாலும், இன்று என்னவாக இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பில் அடங்காது.

என் இரண்டாவது பிழையை இங்கே சொல்லிவிடலாம். கடிதக்காரனுக்குப் பின் சில வருடங்கள் கழித்து, அதேபோல் எதிலும் ஒட்டாத ஒரு மாணவன் வந்தான். இவனும் தூசுதான் என்று தீர்மானித்து, வீடுவரை போய்ப் பேசி, சாதாரண தரம்வரை இழுத்துப் பிடித்தேன். அவன் ஒன்றையும் மறைத்து வைத்திருக்கவில்லை. அவனுக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. மாமாவோடு ஆழ்கடலுக்குப் போகவே ஆசை. அதை வெளிப்படையாகவே சொல்லியிருந்தான். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டு வருடம் அவனைக் கதிரையில் கட்டிவைத்தேன் என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வான். இரக்கமும் ஒரு தீர்ப்புத்தான். பார்க்காமலே சொன்ன தீர்ப்பு என்ற வகையில் அதற்கும் முந்தியதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் விளைவு ஒன்றல்ல. ஒருவன் சிரிக்கிறான். மற்றவன் வீதியில் என்னைக் கண்டால் இன்றும் தலைகுனிகிறான்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்டது. செங்கீழில் படம்பிடிக்கும் அதன் பிரதான கமெராவுக்குத் தலைமை தாங்கியவர், 1988இல் அந்தச் சிவப்புப் புள்ளிகளைக் கண்ட மூவரில் ஒருவரான மார்சியா றீக்கியே. அதன் படங்கள் வரத்தொடங்கியதும் பழைய நாடகம் புதிதாக அரங்கேறியது. பெருவெடிப்பிலிருந்து 70 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே பாரிய கலக்சிகளாகத் தோன்றும் ஆறு சிவந்த புள்ளிகளை ஐவோ லபே குழுவினர் 2023 பெப்ரவரியில் அறிவித்தார்கள். ஒன்று ஏறக்குறைய 10,000 கோடி சூரியன்களின் பாரம் கொண்டதாகத் தோன்றியது. பிரபஞ்சவியலே கவிழ்ந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அக்கட்டுரையில் அவற்றுக்கு வழங்கப்பட்ட பெயரோ 'வேட்பாளர்' என்பதுதான். தேர்தலில் நின்றவர், இன்னும் வென்றவரல்லர்! பின்னர் நிறமாலை எடுத்தபோது அவற்றுள் ஒன்று, எண்ணியதைவிடக் கிட்டத்தில் இருப்பதும், அதன் நடுவில் ஒரு கருந்துளை இரை விழுங்கிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. முதுமையும் அல்ல, வெறும் தூசும் அல்ல. மூன்றாவது காரணம் ஒன்று. நமது இரண்டு கட்டங்களுக்குள் அடங்காத ஒன்றும் வரலாம் என்று அதுவரை எத்தனை பேர் இடம்விட்டு வைத்திருந்தார்கள்?

அதேவேளை, முதியது என்று உறுதியானவையும் உண்டு. கிளேஸ்புறூக் குழுவினர் தரையிலுள்ள பெரிய தொலைநோக்கிகளால் ஆண்டுக்கணக்கில் முயன்றும் இனங்காண முடியாதிருந்த ஒரு சிவந்த கலக்சியை வெப் பார்த்தது. அதன் முடிவு 2024இல் வெளிவந்தது. 1150 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒளி அது. அதிலுள்ள உடுக்களோ அதற்கும் 150 கோடி ஆண்டுகள் முன்னரே பிறந்தவை. 2025இல் வெளியான இன்னொரு ஆய்வு, பெருவெடிப்பிலிருந்து 70 கோடி ஆண்டுகளிலேயே உடுப்பிறப்பு ஓய்ந்துபோன ஒரு கலக்சியை நிறமாலையோடு காட்டியது. இவ்வளவு சீக்கிரம் எப்படி உருவாகின, எதனால் ஓய்ந்தன என்பது இன்றும் வாதத்தில் இருக்கிறது. நடுவிலுள்ள கருந்துளை வாயுவை ஊதித் தள்ளியிருக்கலாம் என்பதற்கு ஆதரவு அதிகம்.

2011இல் ஜியாஷெங் ஹுவாங் குழுவினர் இத்தகைய நான்கு சிவந்த புள்ளிகளைப் பற்றி எழுதியபோது, ஓய்ந்தவையா தூசு மூடியவையா என்ற கேள்வியைக் கட்டுரையின் தலைப்பிலேயே கேள்விக்குறியோடு வைத்தார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. தேர்ச்சி அறிக்கையில் கேள்விக்குறி போட இடமில்லை. கலக்சிக்கு நம் தீர்ப்பால் நட்டமில்லை. எத்தனை தடவை பிழைத்தாலும் அது அங்கேயே இருக்கும், அடுத்த தொலைநோக்கி வரும். பிள்ளைக்கு அடுத்த தவணை வராமலே போகலாம். பிழைத்தாலும் தீங்கில்லாத இடத்தில் தீர்ப்பை ஒத்திவைக்க அனுமதி இருக்கிறது. பிழைத்தால் ஒருவனின் ஆயுள் திரும்பும் இடத்தில் தவணை முடிவுக்குள் தீர்ப்பு வேண்டும் என்கிறார்கள். நாற்பது பிள்ளைகள், மூன்று நாள் அவகாசம். இந்த ஏற்பாட்டை யார் நியாயம் என்றார்கள்?

அப்துர் றஹ்மான் அஸ்-ஸூஃபி கி.பி. 964 அளவில் தமது நிலையான உடுக்கள் பற்றிய நூலில், இன்று அந்திரொமேடா என்று நாம் அழைக்கும் கலக்சியைக் குறித்துவைத்தார். எழுத்தில் நமக்குக் கிடைக்கும் அதன் ஆகப் பழைய பதிவு அதுவே. அவர் கண்டது ஒரு சிறு முகில். எழுதியதும் சிறு முகில் என்றே. அது எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்பதோடு நின்றுகொண்டார். அது பால்வீதிக்கு அப்பாற்பட்ட வேறொரு கலக்சி என்று 1920களில் எட்வின் ஹபிள் நிறுவும்வரை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழிந்தது. அதற்குள் எவ்வளவோ கொள்கைகள் வந்து பிழைத்துப் போயின. அஸ்-ஸூஃபியின் குறிப்பு மட்டும் பிழைக்கவில்லை.

சில வருடங்களாக வகுப்பாசிரியர் குறிப்பில் நான் அவரது வழியைக் கைக்கொள்கிறேன். 'இத்தவணை எழுத்துவேலை பன்னிரண்டில் இரண்டு ஒப்படைத்தார். வகுப்பில் பேசவில்லை. இடைவேளையில் சிறுவகுப்புப் பிள்ளைகளோடு இருப்பதைக் கண்டேன்.' இவ்வளவுதான். கட்டம் ஓர் அங்குலம், எழுத்தைப் பொடியாக்கவேண்டியிருக்கிறது. அதிபர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். பெற்றோருக்கு விளங்கும்படி நல்லது, திருப்தி, போதாது என்ற மூன்றில் ஒன்றை எழுதும்படி சொல்கிறார். கேள்வி கேட்ட அந்த மாணவியின் அறிக்கையும் மேசையில் இருக்கும் அந்தக் கட்டில்தான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முன் ஒப்படைக்கவேண்டும்.